சனிக்கிழமைக் காகமும் நீலச்சிட்டுப் பெட்டியும்

சனீஸ்வரனுக்கும் நீலச்சிட்டுக்கும் ஒரே தோட்டத்தில் இடம் கொடுத்த வீடு லண்டனிலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். இரண்டும் ஒத்துவராது என்று வசந்தம் பாதி போகும்வரை எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நாங்கள் அப்போது கிங்ஸ்பரியில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒரு மரப்பெட்டியைத் தந்து, இதில் குருவி கூடு கட்டினால் கிழமைக்கு ஒருதரம் திறந்து பார்த்து வகுப்பில் வந்து சொல் என்றார். பெட்டியின் முன்பக்கம் என் இரண்டு விரல் நுழையுமளவு ஓட்டை. அதற்குள் போகக்கூடியது நீலத் தொப்பியும் மஞ்சள் வயிறுமாக இருக்கும் நீலச்சிட்டு மட்டும்தான்.

பெட்டியை வேலியில் அடித்தவர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. ஊரிலிருந்து வந்து அகதிக் கேஸ் போட்டுவிட்டு எங்கள் வீட்டுச் சின்ன அறையில் இருந்தார். முடிவு வரும்வரை வேலை செய்ய அவருக்கு அனுமதியில்லை. அதனால் பிள்ளைகளுடன் விளையாட நேரமிருந்த ஒரே பெரியவர் அவர்தான். மற்றவர்களுக்குச் சுகர், பிரஷர் இருப்பதுபோல மாமாவுக்குக் கேஸ் என்று ஒன்று இருப்பதாக நான் நம்பியிருந்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் குரலைத் தாழ்த்தி, “தம்பியின்ர கேஸ் எப்படி?” என்று கேட்பார்கள். அம்மா பெருமூச்சு விடுவார். வேறென்ன நினைக்க?

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா ஏணியைப் பிடிப்பார், நான் ஏறுவேன். முதலில் பெட்டியை விரலால் மெல்லத் தட்ட வேண்டும். தாய்க்குருவி உள்ளே இருந்தால் திறக்கக்கூடாது. பாசியைக் கொண்டுவந்து கூடு கட்டி, நடுவில் மெத்தை வைத்திருந்தது. உற்றுப் பார்த்தால் அந்த மெத்தையில் அம்மாவின் நீளத் தலைமயிர்! அம்மாவுக்கு அது பெரிய பெருமை. பிறகு முட்டைகள் வந்தன. பிறகு ஒருநாள் மூடியைத் திறந்தால் ஐந்து வாய்கள், வாயைத் தவிர வேறொன்றும் இல்லை. மாமா ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு, “ஐயோ, எங்கட பந்தியில இருக்கிற ஆக்களைப் போலயே இருக்கினம்” என்றார்.

இனி அம்மாவின் காகம். மாமாவுக்கு அட்டமத்துச் சனி என்று யாரோ சாதகம் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். அன்று தொடங்கி அம்மா சனிக்கிழமை விரதம். மத்தியானம் எள்ளுச்சோறு குழைத்து, தோட்டத்துச் சுவரில் தட்டை வைத்து, “கா... கா...” என்று கூப்பிடுவார். காகம் வந்து வாய் வைத்த பிறகுதான் அவர் சாப்பிடுவார். ஊர்க் காகத்துக்குக் கழுத்து சாம்பல் நிறம். இங்கே காகம் அலகு முதல் வால் வரை கறுப்பு. இது கணக்கில் சேருமா என்று அம்மாவுக்குச் சந்தேகம் வந்து, வெஸ்ட் ஈலிங் கோயிலில் ஐயரைக் கேட்டார். சனீஸ்வரன் எல்லா இடமும் ஒராள்தானே என்றாராம் ஐயர். ஆனால் வால் நீண்ட கறுப்பு வெள்ளைப் பறவை ஒன்று முந்திக்கொண்டு வந்தால் அம்மா விளக்குமாற்றால் விரட்டுவார். வெள்ளை கலந்தது செல்லாது.

மாமாவுக்கு இதில் நம்பிக்கையே கிடையாது. “அக்கா, உங்கட காகமே என்ர கேஸைப் பாக்குது?” என்று நக்கலடிப்பார். அம்மா, “நீ வாயை மூடு” என்பார்.

காகம் கெட்டிக்காரக் காகம். மூன்றாம் நான்காம் கிழமையிலிருந்து அம்மா கூப்பிட முந்தியே வந்து காத்திருக்கும். எங்கே இருந்து? பெட்டிக்கு மேலே இருந்து.

குஞ்சுகளுக்குச் செட்டை முளைத்ததும், இனித் திறக்காதே, பயத்தில் நேரத்துக்கு முந்திக் குதித்துவிடும் என்றார் ரீச்சர். இந்தச் சனி ஞாயிறில் பறக்கும் என்றும் சொன்னார். பறக்கத் தெரியாமல் வெளியே வருகிற முதல் நிமிடங்கள்தான் ஆபத்து, பக்கத்தில் காகம் இருந்தால் ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டு போய்விடும் என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் சொன்னேன், நாளைக்குச் சோறு வைக்க வேண்டாம் என்று. அம்மா ஏலாது என்றார். வருகிற செவ்வாய்க்கிழமை மாமாவின் கேஸ் விசாரணை. இத்தனை மாதம் விடாமல் பிடித்த விரதத்தைக் கடைசிச் சனியில் விடுவதா? நான் சோபாவில் விழுந்து கத்தி அழுதேன். மாமா எனக்காக வாயைத் திறந்தார்.

“விடுங்கோ அக்கா. செவ்வாய்க்கிழமையை நான் பாத்துக்கொள்ளுறன். சின்னனுகள் பாவம்.”

“உன்னைத் திருப்பி அனுப்பினா நான் ஆரிட்டப் போய் அழுறது?” என்று அம்மா சத்தம் போட்டார். அம்மா மாமாவிடம் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

காலையில் அம்மா சோறு குழைத்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டில் போடாமல், ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு மூடி, அம்மா கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அப்பா பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட். மாமாவும் நானும் உடுப்புக் காயப்போடும் தடியுடன் காவலுக்கு நின்றோம். காகம் மத்தியானம் வழக்கம்போல வந்தது, வெறும் சுவரைப் பார்த்தது, எங்களையும் தடியையும் பார்த்தது, ‘கா’ என்று ஒரு வசவு வைத்துவிட்டுப் போனது.

கொஞ்ச நேரத்தில் ஓட்டையில் ஒரு தலை தெரிந்தது. பக்கத்துப் புதரிலிருந்து தாய் கூப்பிட்டது. முதல் குஞ்சு விழுகிற மாதிரி விழுந்து, செட்டை அடித்து, வேலிக்கு மேலால் தப்பிவிட்டது. பிறகு ஒவ்வொன்றாக ஐந்தும். மாமாவும் நானும் கையைப் பிடித்துக்கொண்டு புல்லில் சுற்றிச் சுற்றி ஆடினோம்.

பின்னேரம் அம்மா வந்தார். முகம் வாடி, உதடு காய்ந்திருந்தது. பார்க்கில் ஆட்கள் உட்காரும் வாங்கு வாங்காகப் போய்ச் சோற்றை வைத்துக் கூப்பிட்டிருக்கிறார். அங்கேயுள்ள காகங்கள் பிள்ளைகள் சிந்திய சிப்ஸைப் பொறுக்கிக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பவேயில்லையாம். டப்பாவைக் குசினி மேசையில் வைத்தார். “ஒண்டும் தொடேல்லை” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீரைக்கூட எடுக்காமல் கதிரையில் இருந்தார். காகம் எடுக்காவிட்டால் அவர் சாப்பிடக்கூடாது. எடுக்காதது நல்லதுக்கும் இல்லை.

நான் குஞ்சு பறந்த கதையைத் தொடங்கினேன். மாமா என்னைக் கையால் நிறுத்தினார். டப்பாவைத் திறந்தார். இரண்டு கையையும் இடுப்பில் செட்டை மாதிரி மடித்து, தலையைச் சரித்து, “கா... கா...” என்றார். பிறகு குனிந்து, கையால் தொடாமல், வாயாலேயே எள்ளுச்சோற்றைக் கொத்தித் தின்றார். மூக்கில் எள்ளு, மீசையில் சோறு.

“காகம் எடுத்திட்டுது. இனி நீங்கள் சாப்பிடுங்கோ அக்கா.”

அம்மா முதலில் சிரித்தார். நான் வயிறு நோகச் சிரித்தேன். பிறகு அம்மா அந்த டப்பாவிலிருந்தே ஒரு பிடி எடுத்து மாமாவின் வாயில் வைத்தார், மற்றப் பிடியைத் தன் வாயில் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை நல்லபடி முடியவில்லை. அப்பீல், மறுபடி அப்பீல் என்று இழுபட்டுத்தான் மாமாவுக்கு விசா கிடைத்தது. இப்போது பிளேஸ்டோவில் பெண்சாதி பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறார். எனக்காக ஒருத்தி தன் தம்பிக்குக் காவலென்று நம்பிய சோற்றையே பார்க்குக்குத் தூக்கிக்கொண்டு போனாள், அந்தத் தம்பி அவள் பட்டினி கிடக்கக்கூடாதென்று தான் நம்பாத காகமாகவே மாறினான். இப்படிப்பட்டவர்களிடம் வளர்ந்தேனே என்று நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

அன்றைக்கு அதெல்லாம் எங்கே விளங்கியது! சோற்றை வாயில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அழுவதைப் பார்த்தேன். ஐந்து குஞ்சும் பறந்துவிட்ட சந்தோஷத்தில்தான் அழுகிறார்கள் என்று நினைத்து, நானும் அவர்களுடன் சேர்ந்து சந்தோஷமாக அழுதேன்.