டயகம லயத்தில் பிழைத்த மீன் செல்கள்

புஷ்பராணியின் தம்பி தொலைபேசியில் அழவில்லை. "தோட்டத்துல எங்க லயத்து மேல மண்மேடு சரிஞ்சிருச்சுங்க. அம்மாவையும் அக்காவையும் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டாங்க. நீங்க அவசரப்பட்டு வர வேணாம்" என்றார். அவசரம் வேண்டாம் என்றதிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

எங்கள் ஆய்வுகூடத்தில் புஷ்பராணியோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும். தொழிற்சாலைக் கழிவு சேரும் கழிமுகத்து நீரில் ட்ரவுட் மீனின் செவுள் செல்களை வைத்துப் பார்ப்பார். ஈயமோ கட்மியமோ அதிகமாகக் கலந்திருந்தால் செல்கள் செத்துவிடும். அங்கே பிடித்த மீனைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று மீனவப் பெண்கள் அவரிடம் கேட்டிருந்தார்கள்.

ட்ரவுட் குளிர்நீர் மீன். மின்வெட்டுக் காலத்தில் கொழும்பு வெக்கையை அதன் செல்கள் தாங்கவில்லை. உயிரோடு எஞ்சிய செல்கள் இருந்த போத்தல்களை புஷ்பா துணியில் சுற்றி, ஹட்டன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு டயகம தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். அம்மாவின் லயக் காம்பிராவில், தொழிலாளர் வரிசை வீட்டின் அந்த ஒற்றை அறையில், மலைக் குளிரில் அவை பிழைத்துக்கொண்டன.

ஒரு போத்தலை மட்டும் அம்மா சாமிப் படத்தடியில், விளக்கோரமாக வைத்துவிட்டார். "மகளோட மீனு நல்லா இருக்கட்டும்னுதான் வச்சேன்" என்றாராம். சூட்டில் அந்தப் போத்தல் போனது. புஷ்பா அதையும் அறிக்கையில் எழுதினார். "நம்ம கையால செத்ததயும் சொல்லணும். இல்லாட்டி தண்ணியக் குத்தஞ் சொல்ல நமக்கு என்ன வாய் இருக்கு?" என்றார்.

அறிக்கையைப் பார்த்த அதிகாரிகள் அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். லயத்தில் வளர்த்த செல் சாகாமல் என்ன செய்யும் என்று கூட்டத்தில் ஓர் அதிகாரி சிரித்தார். "அதே செல்லு நல்ல கடல் தண்ணியில உயிரோட இருக்கே சேர்" என்று புஷ்பா சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அறிக்கை திரும்பி வந்தது.

லயத்தில் பிழைத்த செல்களின் வழிவந்தவற்றை வைத்து, ஆய்வுகூடத்திலேயே சோதனையை மறுபடி செய்தார். கழிமுகத்து நீரில் அவையும் செத்தன. எழுதி முடிக்குமுன், மழை விடாததால் அம்மாவைக் கொழும்புக்கு அழைத்துவரப் போனார். போன இடத்தில்தான் மண்மேடு சரிந்தது.

மிச்சத்தை நான் எழுதினேன். செல்கள் எங்கே காப்பாற்றப்பட்டவை என்பதை விட்டுவிடும்படி மேலிடத்தில் சொன்னார்கள். டயகம, லயக் காம்பிரா என்றே எழுதினேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பிடிவாதம்தான். அறிக்கையை அதிகாரிகளுக்கு மறுபடி அனுப்பியும் இன்னும் பதில் வரவில்லை. கழிமுகத்தில் தினமும் வலை வீசுகிறார்கள். அந்தப் பெண்கள் மீனை ஆக்கிப் பிள்ளைகளுக்குப் போடுகிறார்கள்.