உத்தியோக ரேகை

தொழிற்சாலை உணவுக்கூடத்தில் பாத்திரம் கழுவுபவருக்குக் கண்ணாடி அக்கா என்று பெயர். அவர் கழுவிக் கவிழ்த்த தட்டில் முகம் பார்த்துத் தலைவாரிக்கொள்ளலாம். மேலாளர் ஒருமுறை அப்படி வாரியும் இருக்கிறார். முடி விழுந்த தட்டை அக்கா மறுபடி கழுவிவைத்தார்.

அதே கூடத்தில் காய் நறுக்குபவர் அக்காவின் நாத்தனார். அவருக்குக் கைரேகை பார்க்கத் தெரியும். அதாவது, தெரியும் என்று சொல்வார். அக்கா கல்யாணமாகி வந்த புதிதில் அவருடைய இடது கையை விரித்துப் பார்த்து, "அண்ணி, உங்களுக்கு உத்தியோக ரேகையே இல்லை" என்று உதட்டைப் பிதுக்கினார். அக்கா வேலைக்குச் சேர்ந்தார், பிள்ளைகளை ஆளாக்கினார், கைத்தோல் தேயத் தேயக் கழுவினார். ஆனாலும் அந்த வார்த்தை உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த நிலையில்தான் கூடத்து வாசலில் வருகைப்பதிவு மெஷின் வந்தது. "எல்லாருக்கும் ரேகை எடுக்கணும், வாங்க" என்று மேலாளர் கூப்பிட்டார். மெஷின்காரர் ஒவ்வொருவருடைய வலது கட்டைவிரலாக வாங்கி அழுத்திப் பதிவு செய்தார். அக்கா கடைசி. பாதிக் கழுவலில் எழுந்து வந்திருந்தார். வலது கை முழுக்க நுரை.

"சீக்கிரம் கையைக் காட்டுங்கம்மா, எனக்கு பஸ் போயிடும்."

பெண்களுக்கு ரேகை பார்ப்பது இடது கையில்தானே? அக்கா இடது கையை நீட்டினார். மெஷின்காரர் எந்தக் கை என்றுகூடக் கவனிக்காமல், அந்தக் கட்டைவிரலைப் பிடித்து அழுத்திவிட்டு ஓடினார்.

மறுநாள் காலை மேலாளர் மெஷின் பக்கத்தில் நின்று, "எல்லாரும் வலது கட்டைவிரல்!" என்று உத்தரவு போட்டார். ஒவ்வொருவர் வைக்கும்போதும் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் "நன்றி" என்றது. அக்காவும் வலது விரலை வைத்தார்.

"அடையாளம் தெரியவில்லை."

இன்னொருமுறை வைத்தார். அதே பதில். அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நீ அன்னிக்கு சொன்னதையே இவளும் சொல்றாளே" என்று நாத்தனாரின் காதில் கிசுகிசுத்தார்.

"மெஷின் சொல்லலைன்னா நீங்க வேலைக்கு வரலைன்னு அர்த்தம்" என்றார் மேலாளர்.

"வரலையா? அப்ப உங்ககூடப் பேசிட்டிருக்கிறது யாரு சார்?"

"எனக்குத் தெரியும்மா. மெஷினுக்குத் தெரியணுமே! வெள்ளிக்கிழமைக்குள்ள அது உங்களை ஏத்துக்கலைன்னா மேலிடத்துல பேரை அடிச்சிடுவாங்க."

மெஷின்காரருக்குப் போன் போட்டார்கள். "விரலைத் துடைச்சிட்டு வைக்கச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். துடைத்தும் நடக்கவில்லை. எண்ணெய் தடவச் சொன்னார் ஒருவர், ஐஸில் வைக்கச் சொன்னார் இன்னொருவர். "உள்ள இருக்கிறது பொம்பளைதானே, மரியாதையாக் கேட்டுப் பாருங்க" என்றார் சமையல்காரர். அக்கா கைகூப்பி வணக்கம் சொல்லிவிட்டு வைத்தார்.

"அடையாளம் தெரியவில்லை."

"ராங்கிக்காரி!" என்று சமையல்காரர் மெஷினைத் திட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா மெஷினின் கண்ணாடியையும் முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்துவிட்டு, கடைசியாக வலது விரலை வைக்கப் போனார். பின்னால் வரிசையில் நின்ற நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ அண்ணி! பொம்பளைக்கு இடது கை இல்லையா பார்க்கணும்? இத்தனை நாளா இதை யோசிக்கலையே நான்!" என்று இடது கட்டைவிரலை இழுத்து அழுத்தினார்.

"நன்றி" என்றது குரல்.

கூடமே கைதட்டியது. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மெஷினுக்கே சாஸ்திரம் சொல்லிக்கொடுத்தவர் என்று நாத்தனாருக்கு ஒரே நாளில் பேராகிவிட்டது. மத்தியானம் மேலாளரே காய்க்கூடைப் பக்கம் வந்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, வலது கையை நீட்டினார். "பதவி உயர்வு ஏதாவது தெரியுதா பாரும்மா."

சாயங்காலம் அறிவிப்பு ஒட்டப்பட்டது: திங்கள் முதல் ஆண்கள் வலது கை, பெண்கள் இடது கை.

திங்கட்கிழமை வாசலில் ஒரே கூச்சல். ஒரு பெண்ணைக்கூட மெஷின் ஏற்கவில்லை. நாத்தனார் துடைத்து வைத்தார், ஊதி வைத்தார், கண்ணை மூடிக்கொண்டும் வைத்தார்.

"அடையாளம் தெரியவில்லை. அடையாளம் தெரியவில்லை."

அக்கா வந்தார். கூட்டம் வழிவிட்டது. இடது விரலை வைத்தார்.

"நன்றி."

உள்ளே போகக் காலெடுத்தவர் நின்று, நாத்தனாரின் இடது கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"என்னடி இது, உனக்கு உத்தியோக ரேகையே இல்லை!"