ஆர்டித் நிற்கும் மூலை

ஆர்டித் ஸ்வோபோடா தாடையால்தான் தலை எண்ணுவாள், விரல் நீட்டமாட்டாள். பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு கையிலும் கரண்டியோடு முப்பது வருடம் பிள்ளைகளை எண்ணிய பழக்கம். இன்று அதே பள்ளியின் கூடைப்பந்து அரங்கில், பனி சொட்டும் தொப்பிகளோடு எழுபத்து நான்கு பேர். தாடை இடமும் வலமும் போய்வருகிறது.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கச் சீட்டும் இல்லை, பெட்டியும் இல்லை. பிடித்தவரின் பெயர் ஒட்டிய மூலையில், ஊர் பார்க்கப் போய் நிற்கவேண்டும். ஆர்டித் நின்ற மூலை இதுவரை உருப்பட்டதில்லை. எட்டுத் தேர்தல், எட்டு வேட்பாளர்கள். ஒருவர்கூடப் பனி உருகும்வரை தாங்கவில்லை. ஒருவரோடு கைகுலுக்கினாள், அன்று மாலையே அவருடைய பேருந்து பள்ளத்தில் இறங்கியது. இன்னொருவரின் ஆட்கள் அவருக்காக அவள் வாசலில் நட்ட பிரசாரப் பலகையைத் தாங்களே பிடுங்கிக்கொண்டு, எதிராளியின் பலகையை நட்டுவிட்டு ஓடினார்களாம். சத்தியம் செய்ய ஊரில் ஆளில்லை. குழி மட்டும் இரண்டு இருக்கிறது.

இந்த முறை அவளுக்கு நிஜமாகவே ஒருத்தி ஜெயிக்கவேண்டும். ஊர் ஆஸ்பத்திரிகளில் மூடிய பிரசவ வார்டுகளைத் திறப்பேன் என்று சொன்னவள் செனட்டர் டென்ஹாம் ஒருத்திதான். ஆர்டித்தின் பேத்தி போன குளிர்காலத்தில், பாதி வழியில், காருக்குள், ஆர்டித்தின் கோட்டின் மேல் பிறந்தாள்.

ஆகவே ஆர்டித் நன்றாக யோசித்து, எதிராளி ஆளுநரின் மூலையில் வந்து நின்றிருக்கிறாள். அவர் கவிழட்டும்.

தீவனக்கடை வெர்லினுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏன்க்கா, எங்க ஆளுக்குக் கொள்ளி வைக்க வந்தியா? உனக்கு நடுவுல நாற்காலி போட்டுத் தரேன், அங்க உக்காரு தாயே!"

"வாய மூடிட்டு இதத் தின்னு." சாக்லெட் பூசிய அரிசிப்பொரித் துண்டுகள் அடுக்கிய தட்டை அவன் மார்பில் இடித்தாள்.

கூட்டத்தை நடத்தும் நூலகர் லோயிஸ் மைக்கைத் தட்டினாள். "டென்ஹாம் மூலையில பதினொண்ணு. பன்னெண்டு இருந்தாத்தான் கணக்குல சேரும், இல்லேன்னா அந்த மூலைய கலைச்சிடுவேன். மாறுறவங்க மாறலாம், பத்து நிமிஷம்."

தாடை நின்றது. மறுபடி எண்ணியது. பதினொன்றுதான். அந்தப் பதினொன்றில் ஒருத்தி மருமகள் கிர்ஸ்டன், இடுப்பில் குழந்தையோடு.

"அத்தே! இங்க வாங்க!"

"நான் வந்தா உன் ஆளு போயிடுவாடி!"

"வரலேன்னா இப்பவே போயிடுவா!"

அரங்கம் சிரித்தது. ஆர்டித் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். வேறு யாராவது நகர்கிறார்களா என்று பார்த்தாள். ஒருவரும் நகரவில்லை.

"போக்கா, போ! புண்ணியமாப் போகும்!" என்று வெர்லின் வழிவிட்டான்.

அரங்கின் நடுவட்டத்தில் ஒருமுறை நின்று, பிறகு நடந்தாள். டென்ஹாம் மூலையில் தரையில் ஒட்டிய நாடாவுக்குள் இடது பூட்ஸை வைத்தாள். வலது பூட்ஸ் வெளியிலேயே இருந்தது.

"ஆர்டித், ஒத்தக் கால்தானே உள்ள இருக்கு? எண்ணவா, வேணாமா?" என்று மைக்கில் கேட்டாள் லோயிஸ்.

ஆர்டித் பேத்தியின் பாதத்தை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். ஊரையே எண்ணிய தாடை, மெல்லத் தாழ்ந்து, தன் நெஞ்சை ஒருமுறை தொட்டது.