கொல்லையில் மூட்டிய தீ

கும்பகோணத்தில் எங்கள் பழைய வீட்டைப் புதுப்பித்தபோது, கழற்றிய, பெயிண்ட் அடித்த ஜன்னல்களையும் பிளைவுட்டையும் கொல்லையில் குவித்து என் கணவர் தீ வைத்தார். கரும்புகை பக்கத்து வீட்டுக்குள் புகுந்தது.

கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டு முருகேசன் மதில் ஏறிக் குதித்தார். "பச்சப்புள்ளைக்கு மூச்சு முட்டுதுய்யா! எத்தனை தடவை கத்துறது?" என்றவர், எரிந்துகொண்டிருந்த ஒரு சட்டத்தை உருவி என் கணவரின் தோளில் ஓங்கி அடித்தார். இவர் அவருடைய கழுத்தை நெரித்தார். இருவரும் கட்டிப் புரண்டு கிணற்றடி வரை உருண்டார்கள். "விடுங்க, அவரு செத்துடுவாரு!" என்று அலறினேன்.

அப்போது, பெயிண்டர் விட்டுப்போய், குவியலுக்குள் கலந்து கிடந்த பெயிண்ட் கரைக்கும் தின்னர் டின் நெருப்புக்குள் வெடித்தது. என் கணவர் சற்றுமுன் நின்று தீயைக் கிளறிய இடத்தின் வழியாக அதன் மூடி பறந்து, முகத்தளவு உயரத்தில் மதிலில் குத்தி நின்றது. சண்டை அவரை அங்கிருந்து நகர்த்தியிருக்காவிட்டால்? இருவரும் பிடியை விட்டார்கள்.

முருகேசன் வீட்டுக் குழந்தையை எங்கள் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நல்லவேளை, பிழைத்துக்கொண்டது. கட்டட மரக்கழிவைத் திறந்தவெளியில் எரிப்பதே சட்டப்படி தப்பு என்று மாநகராட்சி அதிகாரி வந்து சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

இப்போது நல்ல மரத்தை ஆசாரியிடம் கொடுத்துவிட்டு, மீதிக்கு மாநகராட்சி வண்டியைக் கூப்பிடுகிறோம். தெருவில் யார் வீட்டை இடித்தாலும், முருகேசனும் என் கணவரும் சேர்ந்தே போய், மரக்கழிவை எரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வருகிறார்கள்.