பின்கதவோரம் உட்கார்ந்திருந்த அஞ்சலை அக்கா

அஞ்சலை அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தியும், அவர் வண்டியில் நின்றுகொண்டு வந்தார் என்ற பொய்யும் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரே போனில்தான் எங்கள் தெருவுக்கு வந்தன. போனை எடுத்தது எங்கள் மேஸ்திரி கோவிந்தம்மா. "பூட்டாளாம்டி, அஞ்சலை பூட்டாளாம்" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதார். அந்தக் கண்ணீர் காயும் முன்பே எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நின்னுக்கினு வந்தாளாம். யாரு வந்து கேட்டாலும் அத்தயேதான் சொல்லணுமாம். அண்ணன் சொல்றாரு."

அண்ணன் என்றது வண்டிக்காரர் மாணிக்கத்தை. நானும் அவரை அப்படித்தான் கூப்பிட்டு வந்தேன். இனி அப்படி எழுத வரவில்லை.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது. அதனால்தான் எழுதுகிறேன். அந்த வண்டியில் நாம் பதினொரு பேர் போனோம். அஞ்சலை அக்காவை விட்டால் பத்து. இதைக் கேட்கப் போகிற ஒன்பது பேருக்கும் எல்லாம் தெரியும். தெரிந்தவர்களுக்குத்தான் திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம். நாங்கள் கச்சிராயபாளையம் பக்கத்து ஆட்கள். மாணிக்கம் கல்வராயன் மலைமேல் மரவள்ளிக் கொல்லைகளை மொத்தமாகப் பேசிப் பிடிப்பார். கிழங்கு பிடுங்க எங்களைக் காலையில் பிக்கப் வண்டியில் மேலே ஏற்றிப் போவார். பகலெல்லாம் அதே வண்டி கிழங்கு இறக்கும். நாங்கள் உட்காருவதும் கிழங்கு கிடப்பதும் ஒரே பாடியில்தான். சாயங்காலம் ஓடையில் அந்தப் பாடியைக் கழுவிவிட்டு நாங்களே ஏறிக்கொள்வோம். கழுவுவது எங்கள் வேலை என்று யாரும் சொன்னதில்லை. செம்மண்ணில் உட்கார முடியாது என்பதால் அது எங்கள் வேலையாகிவிட்டது.

மாணிக்கம் புது வண்டி எடுத்த முதல் வாரமே பாடியில் மண்வெட்டி பட்டு ஒரு கீறல் விழுந்தது. பிள்ளைக்கு அடிபட்ட மாதிரி அதைத் தடவிக்கொண்டே இருந்தார். "பெயிண்டு போச்சு. அடுத்தது துருதான்" என்றார். மறுநாள் எங்களையும் ஏற்றிக்கொண்டே கள்ளக்குறிச்சிக்குப் போய், வண்டிக்குத் தரை மேட்டும் சீட் கவரும் விற்கும் ஒரு பாய் கடை முன்னால் நிறுத்தினார்.

பாய் வெளியே வந்ததும் முதலில் கேட்ட கேள்வி இதுதான்: "ஆள் ஏத்தற வண்டியா, லோடு ஏத்தற வண்டியா?"

"ரெண்டுந்தான் பாய். அதுல இன்னா வித்தியாசம்?"

பாய் எங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு மூன்று வகை காட்டினார். ஒன்று, மருந்து மாதிரி அடித்துக் காயவைக்கிற பூச்சு. தொட்டால் உப்புத்தாள் போலச் சொரசொரவென்று இருந்தது. காய இரண்டு நாள் ஆகும் என்றதும் மாணிக்கம் தலையாட்டி மறுத்துவிட்டார். இரண்டாவது, வரிவரியாகப் பள்ளம் வைத்த தடித்த ரப்பர் மேட். மூன்றாவது, பாடியின் அளவுக்கே வார்த்த கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி. கண்ணாடிபோல் பளபளப்பு.

"கிழங்குக்கு மட்டும்னா பிளாஸ்டிக்கு நல்லா இருக்கும். ஜனங்க உக்காந்தா ரப்பர் போடுங்க. இதுல வழுக்கல் ஜாஸ்தி" என்றார் பாய்.

அஞ்சலை அக்கா அதற்குள் கீழே குதித்திருந்தார். தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ரப்பர் துண்டின்மேலும் பிளாஸ்டிக்கின்மேலும் ஊற்றினார். மண் ஒட்டிய காலோடு முதலில் ரப்பரில் ஏறி நின்றார். அசையவில்லை. பிளாஸ்டிக்கில் கால் வைத்த உடனே சர்ரென்று போய் வண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். வண்டியே சிரித்தது. "ஏன்டி, இந்த வயசுல சறுக்கு மரம் ஏறப் போறியா?" என்றார் கோவிந்தம்மா.

மாணிக்கமும் சிரித்தார். "அதான் நமக்கு வோணும். பின்கதவத் தொறந்தா கிழங்கு தானா வந்து வுழுந்துடும்."

"கிழங்கு தானா வுழும்ங்கிறீங்க. நாங்களும் அதுலதான உக்காரப் போறோம்?" என்றார் அஞ்சலை அக்கா.

அந்த வாக்கியத்தை அன்று எல்லோரும் கேட்டோம்.

மாணிக்கம் நல்லவர் போல எங்களையே கேட்டார். "நீங்க சொல்றதுதாம்மா. கழுவப் போறது நீங்கதான?" என்றார். எங்களை எங்கே தொட்டால் அசைவோம் என்று அவருக்குத் தெரியும். ரப்பர் மேட்டின் பள்ளங்களில் செம்மண் அப்பிக்கொள்ளும், குச்சி வைத்து ஒவ்வொரு வரியாகச் சுரண்ட வேண்டும். பிளாஸ்டிக் என்றால் இரண்டு குடம் தண்ணீர் போதும். பகலெல்லாம் கிழங்கு பிடுங்கிய கை அதைத்தான் யோசித்தது. பிளாஸ்டிக்குக்கு ஒன்பது கைகள் உயர்ந்தன. கோவிந்தம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பத்தாவது கை என்னுடையது.

"கழுவறது என் கையால ஆவும். வழுக்குனா என் காலு இன்னாடி பண்ணும்?" என்று அக்கா எல்லோரையும் கேட்டார். என் பக்கம் திரும்பி, "உனுக்குக் கை நல்லா நீளமா கீது. கைய வெச்சவன் வாய வெக்கத்தான் மறந்துட்டான்" என்றார். அப்போதும் சிரித்தார்கள்.

அவர் சும்மா ஏறிவிடவில்லை. "பாய், அந்த ரப்பர் துண்டையாவது குடுங்க."

"அது காட்டறதுக்கு வெச்சிருக்கறதும்மா."

"அதான் காட்டிட்டீங்களே!"

பாய் சிரித்துக் கொடுத்துவிட்டார். ஒரு முழம் இருக்கும் அந்தத் துண்டு. பிளாஸ்டிக் தொட்டியின் விளிம்பு தடிப்பாக இருந்ததால் பின்கதவு முழுதாக மூடவில்லை. "சாயந்தரம் வரிக்கும் வுட்டுட்டுப் போங்க, ஓரத்தச் செதுக்கித் தரேன்" என்று பாய் சொன்னார். மாணிக்கம் நிற்கவில்லை. ஒரு பக்கத்துக் கொண்டியை மாட்டி, மறுபக்கத்தைக் கயிற்றால் கட்டினார். "இது போதும்" என்றார்.

எங்கள் வண்டியில் கடைசியாக ஏறுகிறவருக்குத்தான் பின்கதவோரம். யாரும் நகர்ந்து இடம் விடுவதில்லை, அதுதான் வழக்கம். மலையடிவாரத்தில் கடைசி வீடு அக்காவுடையது. அதனால் அந்த இடம் என்றைக்கும் அவருக்கே. அவருக்கு முன்னால் ஏறுகிற நான் பக்கத்தில். அந்த ரப்பர் துண்டைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "சிம்மாசனம் எப்பிடி?" என்று கேட்பார். ஒருநாள் வெற்றிலைச் சுண்ணாம்பை என் விரலில் வைத்து, "எழுதத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான். பின்கதவுல எழுது: மெதுவாகச் செல்லவும், உள்ளே கிழங்கு இல்லை" என்றார். எழுதினேன். மலை ஏறும்வரை பின்னால் வந்த பஸ்காரர்கள் எல்லாம் ஆரன் அடித்துச் சிரித்தார்கள். மேலே போனதும் மாணிக்கம் அதைத் துடைக்க வைத்தார். துடைத்ததும் நான்தான்.

அக்கா இறந்த அன்று விடியற்காலையிலிருந்து மழை. எனக்கு வயிற்று வலி. யாரிடமும் சொல்லவில்லை. அக்கா ஏறி உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார். தன் கீழே இருந்த ரப்பர் துண்டை உருவி என் பக்கம் தள்ளினார். "இதுமேல குந்து. பிளாஸ்டிக்குல ஜில்லுனு ஏறுது, வலி ஜாஸ்தியாவும்" என்றார். நான் வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை.

தொட்டியில் மழைத்தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நின்றது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்தது. மாணிக்கம் பிரேக் பிடித்து நிறுத்தினார். பஸ் போனதும் ஏற்றத்தில் வண்டியை வெடுக்கென்று எடுத்தார். முன்னால் இருந்தவர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் பின்னால் சறுக்கி வந்தார்கள். ரப்பரின்மேல் இருந்த நான் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தேன். அக்கா கால் மடக்கி, மடியில் சோற்றுத் தூக்கை வைத்திருந்தார். அத்தனை பேர் பாரமும் அவர்மேல் விழுந்தது. கயிறு அறுந்தது. கதவு திறந்தது. தானாக வந்து விழுந்துவிடும் என்று சொன்னது போலவே நடந்தது. மாணிக்கம் அவரை ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனார், நாங்கள் தெருவுக்குத் திரும்பினோம்.

மறுநாள் விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் கோவிந்தம்மா சொன்னார்: "நின்னுக்கினு வந்தா சார். சொன்னாலும் கேக்க மாட்டா." ஒவ்வொருவராக ஆமாம் என்றார்கள். மேலே போக வேறு வண்டி இல்லை, வேறு வேலையும் இல்லை. அது எனக்கும் தெரியும். கடைசியில் போலீஸ்காரர் என்னைக் கேட்டார். நான் என் கால்களைப் பார்த்தேன். ஆமாம் என்று என் தலை ஆடியது. உங்கள்மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதியை நான் எனக்கே வைத்திருக்கிறேன்.

"அவ விதி" என்கிறார்கள். விதிக்குப் பின்கதவைக் கயிற்றால் கட்டத் தெரியாது. விதி பாய் கடையில் நின்று கிழங்குக்குச் சௌகரியம் பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சமையல் பாத்திரங்களை மாணிக்கம்தான் அனுப்பினார். அதே வண்டியில். அதே தொட்டியில். பின்கதவைத் திறந்ததும் அண்டாக்கள் தாமாகவே வழுக்கிக்கொண்டு வந்தன. இறக்கிய நாம் எல்லோரும் பார்த்தோம். பார்த்துவிட்டுப் பந்தி பரிமாறப் போனோம்.

அக்காவின் மகள் பவானி ஆறாவது படிக்கிறாள். அன்று இலை எடுக்கும்போது என் பின்னாலேயே வந்தாள். "எங்கம்மா ஏன்க்கா நின்னுச்சு? ஒக்காந்துனு இருந்தா இன்னாவாம்?" என்று கேட்டாள். அழுகையில்லை அது. அம்மாவின்மேல் கோபம். செத்துப்போனவரை அவர் பெற்ற மகளே திட்டும்படி செய்திருக்கிறோம். கையில் இருந்த இலைகளைக் கீழே வைத்தேன்.

"நிக்கல பவானி. உக்காந்துக்கினுதான் இருந்தாங்க. நான் பக்கத்துல இருந்தேன்."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "ஏ, இன்னாடி உளர்ற?" என்று கோவிந்தம்மா எழுந்து வந்தார். நான் திரும்பவும் சொன்னேன். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாணிக்கம் கை கழுவாமலே வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை வண்டி வந்தது. நான் ஏறவில்லை. இனிமேல் என்னைக் கூப்பிட மாட்டார்கள். இந்தத் தாளை எடுத்துக்கொண்டு, பவானியின் அப்பாவோடு ஸ்டேஷனுக்குப் போகிறேன். வாய் வராவிட்டால் இதைக் கொடுத்துவிடுவேன். நீங்கள் ஒன்பது பேரும் வர வேண்டும் என்று கேட்கவில்லை. கை தூக்கத் தெரிந்தவர்கள்தானே நாம், இன்னொரு முறை தூக்கலாம்.

அக்காவிடமிருந்து எனக்கு மிச்சம் அந்த ஒரு முழ ரப்பர் துண்டு. பள்ளங்களில் செம்மண் இன்னும் இருக்கிறது. நான் கழுவவில்லை. இன்னொன்று, அவர் கேலி செய்த என் வாய். அதில் இப்போதைக்கு ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது. யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். அஞ்சலை அக்கா உட்கார்ந்திருந்தார்.