ஷ்மிட்டை நான் ஸ்மித் ஆக்கிய கதை

ஷார்ஜாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டாக்குமென்ட் கன்ட்ரோலராகச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. சைட்டுக்குள் நுழைய எல்லோருக்கும் போட்டோ போட்ட கேட் பாஸ் வேண்டும். அந்தப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் வைத்திருப்பதும் அட்டை அச்சடித்து லேமினேட் செய்வதும் என் டூட்டி.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஸ்பெல்லிங்கைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படாதவர். முகம்மது என்பதை மட்டும் ஐந்து விதமாக அடித்து வைத்திருந்தார். நல்ல பெயர் வாங்கும் ஆசையில், யாரும் சொல்லாமலே பட்டியலைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். ஒரு வரியில் ஸ்மித் என்று இருந்தது. அடுத்த வரியில் அதே பெயர். நடுவில் தேவையில்லாத எழுத்துகளைச் செருகி, கடைசியையும் கோணலாக்கி யாரோ அடித்திருந்தார்கள். இரண்டுக்கும் இனிஷியல் ஒன்று. இரண்டு பேரும் இன்ஜினியர். ஒரே ஆளை இரண்டு முறை ஏற்றிவிட்டார்கள் என்று முடிவு கட்டி, பிழையைத் திருத்தி, இரண்டு வரிகளையும் ஒன்றாக்கி, புது அட்டையை அச்சடித்து கேட்டுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக முவைலா பகுதியில் இருந்த என் ரூமுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஆபீஸாக இருந்த என் போர்ட்டா கேபின் தகரக் கதவு படீரென்று திறந்தது. இரண்டு வெள்ளைக்காரர்கள் நின்றார்கள். ஒருவர் ஆங்கிலேயர், தலையில் ஒரு முடி கிடையாது. இன்னொருவர் ஜெர்மானியர், தாடியும் அடர்ந்த தலைமுடியுமாக ஆகஸ்ட் வெயிலில் வெந்து சிவந்திருந்தார். அவர் பெயரே பட்டியலில் இல்லை என்று முக்கால் மணி நேரம் கேட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தார்களாம். ஆங்கிலேயருக்கு அட்டை கிடைத்திருந்தது. பெயர் அவருடையது, போட்டோ ஜெர்மானியருடையது. "பாய் சாப், இது நீங்க இல்லை" என்று செக்யூரிட்டி அவரையும் ஓரமாக உட்கார வைத்துவிட்டார்.

"என்னை ஸ்மித் ஆக்கியது யார்?" என்றார் ஜெர்மானியர்.

"ஸ்பெல்லிங் மிஸ்டேக் என்று நினைத்தேன், சார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. வேலை போயிற்று என்று நினைத்தேன். ஆங்கிலேயர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "முந்நூறு வருஷமாக இவர்கள் வீட்டில் யாரும் கண்டுபிடிக்காத பிழையை மூன்றே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாயே!"

ஜெர்மானியர் சிரிக்கவில்லை. மார்க்கரை எடுத்துச் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் எழுதத் தொடங்கினார். ஷ்மிட். அதையே வேறு எழுத்துகளில் இன்னொரு ஷ்மிட். ரைன் நதிப் பக்கம் போனால் ஷ்மிட்ஸ். ஆங்கிலேயர் விட்டுக் கொடுக்காமல் கீழே ஸ்மித் என்றும், கொஞ்சம் பவிசு கூடினால் ஸ்மைத் என்றும் எழுதினார். பிரான்சில் லெஃபெவ்ர், ஹங்கேரியில் கோவாச் என்று மாறி மாறிச் சேர்த்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அர்த்தம், இரும்படிக்கிறவன். ஊருக்கு ஒரு பட்டறை இருந்ததால் ஊருக்கு ஊர் அந்தப் பெயரும் நிலைத்துவிட்டதாம்.

"சார் வீட்டில் பட்டறை இருந்ததா?" என்று ஆங்கிலேயரைக் கேட்டேன்.

"அப்பா இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். எனக்குச் சுவரில் ஆணி அடிக்கக்கூட வராது."

அப்போது பேப்பர் வாங்க வந்த எங்கள் பி.ஆர்.ஓ., கம்பெனியின் விசா வேலைகளைப் பார்க்கும் சிரியாக்காரர், பலகையைப் பார்த்து விஷயம் கேட்டார். கேட்டதும் மார்க்கரைப் பிடுங்கி வலமிருந்து இடமாக ஒரு சொல் எழுதினார். ஹத்தாத். "ஹதீத் என்றால் இரும்பு. ஹத்தாத் இரும்படிக்கிறவன். என் குடும்பப் பெயர், ஹபீபி!"

மூவரும் பிறவியிலேயே பிரிந்த சகோதரர்கள் மாதிரி கை குலுக்கிக்கொண்டார்கள். நான் என் பங்குக்குத் தமிழில் 'கொல்லர்' என்று எழுதினேன். அந்த நேரம் பார்த்து புதுக்கோட்டைக்கார வெல்டர் தம்பி ஒருவன் உள்ளே வந்தான். அவனுக்கும் அட்டையில்தான் பிரச்சினை. பாஸ்போர்ட்டில் சர்நேம் இருக்க வேண்டிய இடத்தில் அவன் அப்பா பெயர் இருந்தது. அட்டையில் அதுதான் பெரிய எழுத்தில் வரும்.

"கேட்ல எங்கப்பா பேரச் சொல்லி 'யல்லா, ஜல்தி'ன்னு வெரட்டுறானுகண்ணே. ஊர்ல அவர யாரும் பேரு சொல்லிக் கூப்புட மாட்டாங்க. இங்க தெனமும் ஏச்சு வாங்குறாரு."

"தம்பி, உங்க வீட்ல என்ன தொழில்?"

"கொல்லுப் பட்டறைதான். ஏண்ணே?"

மொழிபெயர்த்தேன். மூன்று பேரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். உண்மையாகவே இரும்பைத் தொட்டு வேலை செய்யும் ஒருவன்! ஜெர்மானியர் அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தம்பி மிரண்டு போனான்.

"இவங்க எல்லாம் உன் பங்காளிங்கடா" என்றேன்.

"யாரு, இவுகளா? சொத்துல பங்கு கேக்க மாட்டாகள்லண்ணே?"

அதையும் மொழிபெயர்த்தேன். அப்போதுதான் ஜெர்மானியர் முதல் முறையாகச் சிரித்தார்.

இவன் சர்நேமையும் ஸ்மித் என்றே போட்டுவிடு என்று ஆங்கிலேயர் யோசனை சொன்னார். இனிமேல் யார் பெயரையும் தொடுவதில்லை என்று கையெடுத்துக் கும்பிட்டேன். பாஸ்போர்ட்டில் உள்ளதுதான் அட்டையிலும் வர வேண்டும். ஆனால் எழுத்தின் அளவு என் கையில்தான் இருந்தது. அன்று மத்தியானமே தம்பியின் பெயரைப் பெரிதாகவும் அப்பா பெயரைச் சின்னதாகவும் மாற்றினேன். விஷயம் லேபர் காம்ப் முழுக்கப் பரவி, அந்த வாரம் கேபின் வாசலில் தமிழர்கள் வரிசையில் நின்றார்கள். எல்லோருக்கும் அவரவர் அப்பாவைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்து மெஸ்ஸில் தம்பியைப் பார்த்தேன். "இப்ப கேட்ல சரியாக் கூப்புடுறாங்களா?"

"கூப்புட்டாங்கண்ணே. நாந்தான் வேற யாரையோ கூப்புடுறாங்கன்னு நெனச்சு நின்னுக்கிட்டே இருந்துட்டேன்."