மாப்பிள்ளை உட்காரும் இடம்

செந்தமிழ்செல்வன் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திச் சில வருஷம் ஆகிறது. நாற்பதை நெருங்கிவிட்டான். பார்த்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போயின. பந்தியில் பக்கத்தில் உட்காரும் திருப்பாதிரிப்புலியூர் சொந்தங்கள், "உனக்கு எப்பப்பா?" என்று கேட்டால் வாயில் வைத்த சோறு அப்படியே நின்றுவிடும். இப்போதெல்லாம் முகூர்த்த நாளென்றால் அண்ணாமலை நகர் போகும் சாலையிலுள்ள தன் மெக்கானிக் ஷெட்டில் ஏதாவதொரு வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்கிறான். அங்கே அந்தக் கேள்வி வராது.

ஆனால் ரத்தினம்மாளின் வண்டி வந்தது. மேல்கூரை மடங்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். சிதம்பரத்தில் மாப்பிள்ளை அழைப்புகளுக்கு அதை வாடகைக்கு விடுகிறாள், அவளே ஓட்டுவாள். சீட்டுக்குப் பின்னால் உயர்ந்திருக்கும் மேட்டில் மெத்தை போட்டு மாப்பிள்ளையை உட்காரவைப்பது வழக்கம்.

"பின்னாடி டக்கு டக்குன்னு சத்தம் தம்பி. மாப்ள திரும்பித் திரும்பிப் பாக்குறான். ஜனங்க அவன் ஓடிப்போவ வழி தேடுறான்னு நெனைக்குதுங்க."

செந்தமிழ்செல்வன் சிரித்தான். அடியில் ஏதாவது ஜாயின்ட் விட்டிருந்தால் சக்கரமே கழன்றுவிடும் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

"எங்கேருந்து வருதுன்னு தெரியாம ஆள ஏத்தாதீங்கக்கா."

"ஞாயித்துக்கெழம அழைப்பு இருக்கே."

வேகத்தடைகளில் ஏற்றி இறக்கினான். ஜாக்கி போட்டுச் சக்கரங்களை உலுக்கினான். ஷாக் அப்சர்பரைக் கழற்றிப் பார்த்தான். மணல் மூட்டைகளைப் பின்மேட்டில் அடுக்கி நகரைச் சுற்றி வந்தான். வண்டி வாயே திறக்கவில்லை.

ரத்தினம்மாள் மூட்டைகளைப் பார்த்தாள். "இது சும்மா கெடக்கும். மாப்ள அப்பிடியா இருப்பான்? இந்தப் பக்கம் கும்புடுவான், அந்தப் பக்கம் கும்புடுவான்."

அவனுக்குச் சட்டென்று விளங்கியது. உயரத்தில் இருக்கும் பாரம் பக்கவாட்டில் ஆட வேண்டும்.

"நீங்க ஒக்காருங்கக்கா, நான் ஓட்டுறேன்."

"நான் மாமியாரே ஆயிட்டேன். சத்தம் கேக்கப்போற காது ஒன்னுதுதானே? ஏறு."

உச்சி வெயில் நேரம், மேலவீதி காலியாக இருக்கும் என்று நினைத்தான். டீக்கடை மணவாளன் இருந்தார்.

"யோவ் செல்வா, பொண்ணு எங்கய்யா?"

"ஷெட்டுல கழட்டிப் போட்டிருப்பாரு," என்றது கடைக்குள்ளிருந்து ஒரு குரல்.

செந்தமிழ்செல்வன் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். சத்தம் வரவில்லை. இப்படிக் குனிந்திருந்தால் வராது என்பது அவனுக்குத் தெரியும். இறங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு கைகளைக் கூப்பி டீக்கடைப் பக்கம் நன்றாகச் சாய்ந்து கும்பிட்டான். மணவாளன் சிரிப்பை நிறுத்தினார். சத்தமில்லை. எதிர்ப்பக்கம் பூ தொடுத்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்துச் சாய்ந்தான்.

டக்.

காதுக்குக் கேட்கும் முன்பே அது அவன் இடுப்புக்குத் தெரிந்தது. வலப்பக்கத்து லிங்க் ராடு. வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் பிடிக்கும் கம்பியைச் சக்கரத்தோடு சேர்ப்பது. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் அதற்கு வேலையே இல்லை. அந்தப் பெண், பூ நாரைக் கீழே வைத்துவிட்டு, அவனுக்கு ஒரு வணக்கம் வைத்தாள்.

புதுச்சேரியிலிருந்து புது ராடு வரவழைத்து மாட்டினான். மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். "மத்தியானமே போயிடலாமா?" என்றாள் ரத்தினம்மாள்.

"சாயங்காலம் போவலாம்க்கா."

சாயங்காலம் அவன் நகக்கண்ணில் கிரீஸ் இல்லை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். அவள் அதைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். வீதி முழுக்க ஆட்கள். யாரோ விசிலடித்தார்கள். அவன் இடப்பக்கம் கும்பிட்டான், வலப்பக்கம் கும்பிட்டான். ஒரு கிழவர் நிஜமாகவே கையைத் தூக்கி ஆசீர்வதித்தார். அடியில் எல்லாம் அமைதியாக இருந்தது. முதல் சாய்விலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

வீதி முடியும் இடத்தில் ரத்தினம்மாள் கேட்டாள்: "சத்தம் இருக்கா தம்பி?"

"சரியாத் தெரியலக்கா. வடக்கு வீதியும் போயிப் பாத்துடுவோம்."

அவள் கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். பிறகு அழைப்பு ஊர்வலத்தில் போகிற வேகத்துக்கு வண்டியைக் குறைத்துத் திருப்பினாள்.